பழைய வீடு கைமாறும்போது எது வீட்டோடு வரும், எது விற்றவரோடு போகும்?

ரீசேல் ஃப்ளாட்டோ தனி வீடோ வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன். லட்சக்கணக்கில் விலை பேசி முடித்த இரண்டு குடும்பங்கள் கடைசியில் ஒரு கீசருக்காக முகம் கொடுத்துப் பேசாமல் போவதைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதி வைத்திருந்தால் அந்தச் சண்டையில் பெரும்பாலானது வந்தே இருக்காது.

வீட்டை வாங்கினால் உள்ளே இருப்பதெல்லாம் சேர்த்துத்தானே?

இல்லை. வீடு பார்க்கப் போன அன்று ஹாலில் பளபளவென்று எரிந்த விளக்கு, சுவரில் இருந்த டிவி யூனிட், பால்கனியில் தொங்கிய மூங்கில் கூடை நாற்காலி எல்லாம் சேர்ந்துதான் அந்த வீடு உங்களுக்குப் பிடித்திருக்கும். ஆனால் விற்பவர் மனதில் இருக்கும் வீடு வேறு, அதில் பாதிப் பொருளை அவர் ஏற்கெனவே புது வீட்டுக்கு எடுத்துப் போவதாகக் கணக்குப் போட்டிருப்பார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, பேசவில்லை, அவ்வளவுதான்.

சட்டம் இதைப் பற்றி ஏதாவது சொல்கிறதா?

சொல்கிறது, அதுவும் நன்றாகவே. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 8-ஆவது பிரிவு. ஒரு சொத்தை மாற்றிக் கொடுக்கும்போது, வேறு விதமாகப் பேசிக்கொள்ளாத வரை, அதில் விற்பவருக்கு இருக்கும் உரிமை முழுவதும் வாங்குபவருக்குப் போய்விடும். நிலம் என்றால் அதோடு இணைந்திருப்பவையும் சேரும். வீடு என்றால் பூட்டு, சாவி, கம்பி, கதவு, ஜன்னல், அப்புறம் அந்த வீட்டோடு நிரந்தரமாகப் பயன்படுத்துவதற்கென்று வைத்த மற்றவையும் சேரும் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள்.

"நிலத்தோடு இணைந்தது" என்றால் என்ன என்பதை அதே சட்டத்தின் 3-ஆவது பிரிவு மூன்று வகையாகச் சொல்கிறது: மரம் செடி போல வேர் விட்டிருப்பது, சுவர் கட்டடம் போலப் பதிந்திருப்பது, அப்படிப் பதிந்த ஒன்றின் நிரந்தரப் பயனுக்காக அதோடு பொருத்தப்பட்டது. சண்டை வருவதெல்லாம் இந்த மூன்றாவது வகையில்தான்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். "வேறு விதமாகப் பேசிக்கொள்ளாத வரை" என்பதுதான் இதன் உயிர். நீங்கள் இருவரும் எழுதிக்கொண்டால் எழுதியதுதான் நிற்கும். எழுதாமல் விட்டால் மட்டுமே சட்டம் சொல்வது.

ஸ்க்ரூ போட்டு மாட்டியதெல்லாம் வீட்டைச் சேர்ந்ததா?

அப்படி ஒரே வரியில் முடிக்க முடியாது. நீதிமன்றங்கள் இரண்டு விஷயங்களைப் பார்க்கின்றன: எவ்வளவு உறுதியாகப் பதிந்திருக்கிறது, எதற்காகப் பதித்தார்கள். வீட்டின் நன்மைக்காகவா, இல்லை அந்தப் பொருள் ஆடாமல் அசையாமல் நின்று வேலை செய்வதற்காக மட்டுமா? இரண்டாவது கேள்விக்குத்தான் கனம் அதிகம்.

பழைய வீடுகளின் ஆட்டுக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சில வீட்டில் அது பின்கட்டுத் தாழ்வாரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும், நாலு பேர் சேர்ந்து உருட்டினால் வண்டியில் ஏற்றிவிடலாம். எவ்வளவு கனமாக இருந்தாலும் அது வீட்டின் பகுதி இல்லை, பாட்டி வீட்டுச் சீதனமாகக்கூட வந்திருக்கும், விற்பவர் எடுத்துப் போவதில் தப்பே கிடையாது. இன்னொரு வீட்டில் அதே ஆட்டுக்கல்லின் அடிப்பாகத்தைத் தரையில் இறக்கி, சுற்றிலும் சிமெண்ட் பூசி, கழுவுகிற தண்ணீர் ஓடச் சின்னக் கால்வாயும் விட்டிருப்பார்கள். அதைப் பெயர்த்தால் தரையே போய்விடும். அது வீட்டோடுதான் வரும். ஆனால் குழவி? அது தனியாகக் கையில் வரும் பொருள், ஆனால் கல் இல்லாமல் குழவிக்கும் வேலை இல்லை, குழவி இல்லாமல் கல்லுக்கும் வேலை இல்லை. பூட்டுக்குச் சாவி எப்படியோ அப்படித்தான், கல்லோடு விட்டுப் போவதே முறை என்பது என் கருத்து.

ஃபேனும் டியூப்லைட்டும்?

அதிகமாகச் சண்டை வருவது இதில்தான். கொக்கி, ஒயரிங், சுவிட்ச் போர்டு எல்லாம் வீட்டைச் சேர்ந்தவை, அதில் சந்தேகமே வேண்டாம். ஃபேனையும் மாட்டு விளக்கையும் பல விற்பவர்கள் தங்களுடையது என்று நினைத்துக் கழற்றிக்கொண்டு போகிறார்கள், பல வாங்குபவர்கள் வீட்டோடு வரும் என்று நினைக்கிறார்கள். ஃபால்ஸ் சீலிங்கில் வெட்டிப் பதித்த விளக்குகள் வேறு கதை. அவற்றைப் பிடுங்கினால் கூரை ஓட்டை ஓட்டையாகத் தெரியும், விட்டுத்தான் போக வேண்டும்.

விற்பவருக்கு என் யோசனை: பழைய ஃபேனைக் கழற்றி, ஏற்றி, இறக்கி, மறுபடி எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுகிற செலவைப் பாருங்கள். விட்டுவிடுவதே லாபம். அப்படியே கழற்றினாலும் ஒயர் முனைக்கு டேப் சுற்றிவிட்டுப் போங்கள். புதுக் குடும்பத்தில் குழந்தை இருக்கலாம்.

ஏசி, கீசர், இன்வெர்ட்டர், தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின்?

பொதுவாக இவை விற்பவருடைய பொருட்களாகத்தான் நம் ஊரில் நடத்தப்படுகின்றன. ஸ்ப்ளிட் ஏசியைக் கழற்றி வேறு வீட்டில் மாட்டுவது தினமும் நடப்பது. ஆனால் சுவருக்குள் ஓடும் காப்பர் பைப்பையும் வடிகால் பைப்பையும் சுவரை உடைத்து உருவ வேண்டாம், அது வீட்டுக்குள் போய்விட்ட பொருள். கூரைக்குள் டக்ட் (காற்றுக் குழாய்) போட்டு வீடு முழுக்கக் குளிர்விக்கும் அமைப்பு என்றால் அது வீட்டோடு சேர்ந்ததே. இன்வெர்ட்டரும் பேட்டரியும் போகலாம், அதற்கென்று இழுத்த தனி ஒயரிங் வீட்டோடு இருக்கும்.

கீசரில் மட்டும் கூடுதல் கவனம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சாவி வாங்கிய அன்று மாலை மாடித் தொட்டியை நிரப்பி வால்வைத் திறந்தது. கீசரைக் கழற்றியவர்கள் இரண்டு பைப் முனையிலும் அடைப்பு போடாமல் போயிருந்தார்கள். பாத்ரூமில் பீய்ச்சி அடித்த தண்ணீர் வாசல் படியைத் தாண்டிப் படுக்கையறையின் மரத்தரைக்குள் இறங்கி, பலகை ஓரமெல்லாம் உப்பிக்கொண்டது. கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற எண்ட் பிளக் இரண்டு இருந்திருந்தால் போதும். எதைக் கழற்றினாலும் அந்த இடத்தை மூடிவிட்டுப் போக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதுங்கள்.

மாடுலர் கிச்சன், வார்ட்ரோப்?

சுவர் அளவுக்கு அளவெடுத்துச் செய்து பொருத்தியது வீட்டோடு வரும். தனியாக நிற்கும் கோத்ரெஜ் பீரோ, கட்டில், டைனிங் டேபிள் போகும். சிம்னியும் அடுப்பும் நடுவில் இருக்கிறவை. கிரானைட்டை வெட்டி உள்ளே இறக்கிய ஹாப் அடுப்பு என்றால் அதை எடுத்தால் மேடையில் ஒரு பெரிய ஓட்டைதான் மிச்சம், அதனால் அதை விட்டுப் போகும்படி கேட்பது நியாயம்.

பழைய வீட்டின் தேக்குக் கதவு, தூண், ஊஞ்சல், பூஜை மாடம்?

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. காரைக்குடிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். பிரிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் நிலை, கதவு, தூண், எனாமல் பாத்திரம், பீங்கான் என்று எல்லாம் அங்கே கிடைக்கும். கைவேலை செய்த ஒரு பர்மா தேக்கு நிலைக்கதவுக்கு இன்று இருக்கும் மதிப்பில், சில பழைய வீடுகளில் கட்டடத்தைவிடக் கதவும் தூணும்தான் விலை போகும். இதைத் தெரிந்த விற்பவர் அட்வான்ஸ் வாங்கிய பிறகு கதவைக் கழற்றி விற்றுவிட்டு அந்த இடத்தில் பிளைவுட் கதவு ஒன்றை மாட்டிக் கொடுத்தால்? சட்டப்படி கதவும் ஜன்னலும் வீட்டோடு போகிறவை, 8-ஆவது பிரிவில் பெயரோடு இருக்கின்றன, எழுதாவிட்டாலும் உங்களுடையவைதான். ஆனால் இருந்தது தேக்கு என்று நிரூபிக்க உங்களிடம் என்ன இருக்கிறது? அதனால் இப்படிப்பட்ட வீட்டை வாங்குகிறவர்கள் ஒவ்வொரு கதவையும் தூணையும் போட்டோ எடுத்து, ஒப்பந்தத்தோடு இணைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் அதையும் எழுதுங்கள்.

ஊஞ்சலில் கூரைக் கொக்கி வீட்டுடையது. பலகையும் சங்கிலியும் கழற்றி மாட்டுகிறவை, அதனால் அவற்றை விற்பவர் தன்னுடையது என்றுதான் சொல்வார். கல்யாணத்தில் மணமக்களை உட்காரவைத்த பலகையாக இருக்கும், அதைக் கேட்டுக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். பூஜை மாடம் சுவருக்குள் கட்டியது என்றால் வீட்டோடு, தனி மர மண்டபம் என்றால் அவரோடு. சாமி படங்களை விற்பவரே எடுத்துப் போகட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விட்டுப் போன படங்களை என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கிற வீடுகள் நிறைய.

போர்வெல் மோட்டார், தண்ணீர்த் தொட்டி?

போர்வெல், அதற்குள் இறக்கிய சப்மெர்சிபிள் மோட்டார், பைப், ஸ்டார்ட்டர் பெட்டி, மாடியில் குழாய் இணைத்திருக்கும் சின்டெக்ஸ் தொட்டி எல்லாமே அந்த வீட்டுக்குத் தண்ணீர் வருவதற்கென்றே இருப்பவை, வீட்டோடு வருவதே நியாயம். ஆனாலும் மோட்டாரைப் பெயர், குதிரைத்திறனோடு எழுதிக்கொள்ளுங்கள். நல்ல மோட்டாரை எடுத்துவிட்டுப் பழையதை இறக்கினால் மேலே இருந்து பார்க்கிற உங்களுக்கு எதுவும் தெரியாது.

மாடியில் சோலார் இருக்கிறதே?

அதன் விலையைச் சேர்த்துத்தான் விற்பவர் வீட்டு விலை சொல்லியிருப்பார், பேசும்போது கேட்டுவிடுங்கள். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்ட வீடுகளுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைத்தது, பலர் மீதிக்குக் கடனும் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அதனால் கேட்க வேண்டியது: கடன் பாக்கி உண்டா, முடிந்ததற்குக் கடிதம் உண்டா, நெட் மீட்டர் (மின் வாரியத்துக்குப் போகும் சோலார் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்) யார் பெயரில், பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் வாரண்டி அட்டை எங்கே. மின் இணைப்பின் பெயரை மாற்றும்போது சோலாரையும் சொல்லிச் சரிபார்க்கவும்.

தென்னை மரம், மாமரம், தொட்டிச் செடி?

வேர் விட்டு நிற்பது நிலத்தோடு வரும். பழைய கிரயப் பத்திரங்களில் "மாவடை மரவடை, ஜலதரு பாஷாணம், நிதி நிட்சேபம் உள்பட அஷ்டபோக பாத்தியங்களும்" என்று நீளமாக ஒரு வரி வரும், அதில் தண்ணீர், மரம், கல், புதையல் (நிதி நிட்சேபம்) எல்லாம் அடங்கிவிடும். இன்றைய பத்திரங்களிலும் எழுத்தர்கள் இதை எழுதுகிறார்கள். தொட்டியில் இருக்கும் செடி விற்பவருடையது. முற்றத்தில் கட்டிய துளசி மாடம் வீட்டுடையது, செடியின் ஒரு கிளையை அவர் கேட்டால் சந்தோஷமாகக் கொடுங்கள்.

காய்? கிரயம் முடியும் வரை வீடு விற்பவருடையது, அட்வான்ஸ் கொடுத்ததால் மட்டும் உங்களுக்குச் சொத்தில் உரிமை வந்துவிடாது. அதுவரை பறிக்கிற தேங்காய் அவருடையது. ஆனால் மரத்தையே வெட்டி விற்றால் அது வேறு, கீழே சொல்கிறேன்.

மின் இணைப்பு டெபாசிட், கேஸ் சிலிண்டர்?

மின் இணைப்புக்குக் கட்டிய டெபாசிட் விற்பவரின் பணம். அதையும் சேர்த்துத்தான் விலை என்று பேசினால் பத்திரத்தில் எழுதி, பெயர் மாற்றத்துக்கு அவரிடம் ஒப்புதல் கடிதமும் வாங்கிவிடுங்கள். வீட்டுவரி, தண்ணீர்வரி, மின் கட்டணம் கிரய நாள் வரைக்கும் விற்பவர் பொறுப்பு. சிலிண்டரும் ரெகுலேட்டரும் வீட்டுடையதும் இல்லை, விற்பவருடையதும் இல்லை, கேஸ் நிறுவனத்துடையவை. இணைப்பு அவர் பெயரில் இருப்பதால் அவரே எடுத்துப் போய் மாற்றிக்கொள்வார்.

கார் பார்க்கிங்கைத் தனியாக விற்கலாமா?

ஃப்ளாட்டில் தரைத்தளத்துத் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் இடம் பெரும்பாலும் பொது இடம். அதை பில்டர் தனி யூனிட்டாக விற்க முடியாது என்று மும்பை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. ரீசேலில் நீங்கள் பார்க்க வேண்டியது, விற்பவரின் பத்திரத்திலும் ஒதுக்கீட்டுக் கடிதத்திலும் எந்த இடம், எந்த எண் என்று இருக்கிறதா என்பதை. "இங்கேதான் சார் எப்பவும் நிறுத்துவோம்" என்பது போதாது. சங்கத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வீட்டில் வாடகைக்கு இருப்பவர் மாட்டியவை?

அவருடையவை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு, வாடகைதாரர் தான் பொருத்தியதைக் கழற்றிக்கொண்டு போகலாம், ஆனால் வீட்டை வாடகைக்கு எடுத்தபோது இருந்த நிலையில் விட்டுப் போக வேண்டும் என்கிறது. அதனால் வாடகைக்கு விட்ட வீட்டைப் பார்க்கப் போனால் உரிமையாளரிடம் மட்டும் கேட்காமல், "இந்த ஏசி உங்களுடையதா அண்ணா?" என்று குடியிருப்பவரிடமும் கேட்டுவிடுங்கள்.

பட்டியலை எப்படி எழுதுவது?

அறை அறையாக நடந்து, வாசலில் தொடங்கி மொட்டை மாடியில் முடியுங்கள். விற்பவரும் கூட வர வேண்டும். ஒரு தாளில் விட்டுப் போகிறவை, இன்னொன்றில் எடுத்துப் போகிறவை. "கிச்சன் பொருட்கள்" என்று மொத்தமாக எழுதாதீர்கள், "சமையலறை: சிம்னி ஒன்று, கம்பெனி பெயர், கறுப்பு நிறம், ஓடும் நிலையில்" என்று எழுதுங்கள். "ஓடும் நிலையில்" என்கிற சொல் முக்கியம். வீட்டு விளம்பரத்தில் வந்த படங்களையும், புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதையும் அழிக்காமல் வைத்திருங்கள். பட்டியலைக் கிரய ஒப்பந்தத்தின் இணைப்பாக வையுங்கள், சொத்து விவரம் எழுதும் தபசிலுக்கு அடுத்ததாகவே இருக்கட்டும். புரோக்கர் "அதெல்லாம் அவர் நல்ல மனுஷன், பார்த்துக்கலாம்" என்பார். நல்ல மனுஷனுக்கும் மறதி உண்டு, அவர் பிள்ளைகளுக்கு வேறு யோசனை இருக்கும்.

பொருட்களுக்குத் தனி விலை போட்டால் செலவு குறையுமா?

தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. கட்டில், சோபா, ஏசி, ஃப்ரிட்ஜ் என்று உண்மையிலேயே 3 லட்சத்துக்கு அசையும் பொருள் வாங்குகிறீர்கள் என்றால், அதை வீட்டு விலையில் சேர்த்தால் அதற்கும் 27,000 ரூபாய் கட்டுவீர்கள். தனி ரசீது போட்டு வாங்குவது சரியான வழிதான். ஆனால் பழைய சோபாவுக்குப் பத்து லட்சம் என்று எழுதி வீட்டு விலையைக் குறைத்துக் காட்டுவது மோசடி, அதைச் செய்யச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். மாடுலர் கிச்சன் போலப் பதிந்தவற்றை அசையும் பொருள் கணக்கில் தள்ளுவதும் நிற்காது. வங்கி வீட்டுக்குத்தான் கடன் கொடுக்கும், சோபாவுக்கு இல்லை, அந்தப் பணம் உங்கள் கையில் இருந்து போக வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எதையும் பேங்க் வழியாகவே கொடுங்கள். வீட்டு அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிக்காது.

அட்வான்ஸ் கொடுத்த பிறகு கழற்றிக்கொண்டு போனால்?

ஒப்பந்தத் தேதியில் இருந்து சாவி கொடுக்கும் வரை, பொறுப்புள்ள ஒரு உரிமையாளர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிச் சொத்தை விற்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்கிறது. மரத்தை வெட்டுவதும் கதவை விற்பதும் இதற்கு நேர் எதிர். வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம், இழப்பீடு கேட்கலாம். ஆனால் ஒரு ஃபேனுக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை. உங்கள் பலமெல்லாம் பாக்கிப் பணம் உங்கள் கையில் இருக்கும் வரைதான். பதிவு நாள் காலையில், சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கிளம்பும் முன், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றுங்கள். டிடி கை மாறிய பிறகு கேட்கிற கேள்விக்கு மரியாதை குறைவு. "பதிவுக்குப் பிறகு ஒரு மாதம் இருந்துவிட்டுக் காலி செய்கிறோம்" என்று கேட்டால், ஒரு தொகையை நிறுத்தி வைத்து, காலி செய்யும் அன்று பட்டியலோடு சரிபார்த்துக் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள்.

விற்றவர் பழைய சாமான்களைப் பரணில் விட்டுப் போய்விட்டார். தூக்கிப் போடலாமா?

உடனே வேண்டாம். கண்டெடுத்தவருக்கும் பொறுப்பு உண்டு என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. போட்டோ எடுத்து அனுப்பி, இத்தனை நாளுக்குள் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் அப்புறப்படுத்துகிறோம் என்று எழுத்தில் சொல்லுங்கள். நகையோ பத்திரமோ கிடைத்தால் கூப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள்.

சுவரை இடிக்கும்போது புதைத்து வைத்த காசு கிடைத்தால்? பத்திரத்தில்தான் "நிதி நிட்சேபம்" இருக்கிறதே?

பத்திரத்தில் எழுதியிருந்தாலும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணிலோ அதோடு பதிந்த ஒன்றிலோ மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தத் தொகை அன்று போட்டது. மறைத்தால் தண்டனை உண்டு. யாருக்குப் போகும் என்பதை ஆட்சியர் விசாரித்து முடிவு செய்வார், அதுவரை வேலை செய்கிற மேஸ்திரியிடமும் பங்கு பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

சாவி வாங்கும்போது வேறு என்ன வாங்க வேண்டும்?

எல்லாச் சாவிக் கொத்தும், வேலைக்கார அம்மாவிடம் இருக்கும் ஒன்று உட்பட. மொட்டை மாடி, மீட்டர் ரூம், தபால் பெட்டிச் சாவி. கேமரா, டிஜிட்டல் பூட்டு இருந்தால் பாஸ்வேர்டை விற்பவர் எதிரிலேயே மாற்றி, அவர் போனில் இருந்து நீக்கச் சொல்லுங்கள். மோட்டார், லிஃப்ட், சோலாரின் வாரண்டி அட்டைகள். ஒயரிங், பைப் போன வழி வரைந்த தாள் இருந்தால் அதையும் கேளுங்கள், சுவரில் ஆணி அடிக்கும் முன் அது தேவைப்படும். அப்புறம் அந்த வீட்டுக்கு வழக்கமாக வரும் பிளம்பர், எலக்ட்ரீஷியன் நம்பர்.